சூடு இருந்தும் காயாத துணி

ஒரு ஜனவரியில், நியூ ஜெர்சியின் எடிசன் நகரில் நண்பர் ஒருவர் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். திருச்சியிலிருந்து அவருடைய அம்மாவும் வந்திருந்தார். வெளியே உறைபனி. துணியெல்லாம் பேஸ்மென்ட்டில் இருக்கும் டிரையரில்தான் காய வேண்டும். 50 நிமிடம் ஓடி நின்றதும் கதவைத் திறந்தால் முகத்தில் அனல் அடிக்கும். ஆனால் துணியைத் தொட்டால் ஈரம். ஜீன்ஸின் இடுப்புப் பட்டியும் துண்டின் மடிப்புகளும் பிசுபிசுத்தன. இன்னொரு 50 நிமிடம் ஓட்டினால்தான் உடுத்தும் பதத்துக்கு வரும். அம்மா ஒரு துண்டை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஐப்பசி மாசத்துத் துணி மாதிரி இருக்குப்பா" என்றார்.

எந்திரம் பழசாகிவிட்டது, புதிது வாங்க வேண்டும் என்று நண்பர் முடிவு கட்டியிருந்தார். எனக்கு அந்த அனல்தான் உறுத்தியது. சூடேற்றும் கம்பி கெட்டுப்போயிருந்தால் துணி குளிர்ந்தல்லவா இருக்க வேண்டும்? இத்தனை சூடு இருந்தும் ஏன் காயவில்லை?

டிரையர் உள்ள வீடுகளில் பலருக்கு இந்தச் சந்தேகம் வந்திருக்கும். விடை எந்திரத்துக்குள் இல்லை. அதன் முதுகுப்பக்கம், சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும் குழாயில் இருக்கிறது.

வெயிலா, காற்றா?

துணி வெயிலில் காய்கிறது என்று சொல்லிப் பழகிவிட்டோம். சித்திரை வெயிலில் மொட்டைமாடிக் கொடியில் போட்ட வேட்டி ஒரு மணி நேரத்தில் மொடமொடத்துவிடுகிறது. ஆனால் புழுக்கமான ஐப்பசி நாளில், மழை விட்டு நல்ல வெயில் அடித்தாலும் அதே வேட்டி மாலை வரை நசநசவென்றே கிடக்கும். ஆடி மாதம் மேகம் மூடியிருந்தாலும் காற்று அடித்தால் துணி காய்ந்துவிடும். துணி துவைத்துப் போட்டவர்களுக்கு இது கைப்பழக்கமாகவே தெரியும்.

காரணம் எளிது. ஈரம் துணியை விட்டுப் போக வேண்டுமானால் அதைச் சுமந்து செல்ல ஒருவர் வேண்டும். அந்தச் சுமைதூக்கி காற்று. ஒரு கன மீட்டர் காற்று, அதாவது ஒரு பெரிய பீரோ அளவு காற்று, எவ்வளவு நீராவியைச் சுமக்கும் என்பது அதன் சூட்டைப் பொறுத்தது. 0 டிகிரியில் சுமார் 5 கிராம். 20 டிகிரியில் 17 கிராம். 40 டிகிரியில் 51 கிராம். 60 டிகிரிக்குப் போனால் 130 கிராம். சூடு ஏற ஏறக் காற்றின் முதுகு அகலமாகிறது. ஆனால் சுமை ஏறியதும் அந்தக் காற்று நகர்ந்து, அடுத்த காற்றுக்கு இடம் விட வேண்டும். நகராவிட்டால் துணியைச் சுற்றி நிரம்பிய காற்று அப்படியே நிற்கும், துணியும் ஈரமாகவே இருக்கும். எடிசன் பேஸ்மென்ட்டில் நடந்தது அதுதான். அந்த எந்திரத்துக்குள் ஓர் ஐப்பசி மாதம் அடைபட்டிருந்தது.

ஒரு கூடைத் துணியின் கணக்கு

நண்பர் வீட்டின் ஒரு கூடைத் துணியையே எடுத்துக்கொள்வோம். துண்டு, ஜீன்ஸ், சட்டை எல்லாம் சேர்த்து, உலர்ந்த நிலையில் 4 கிலோ. துவைக்கும் எந்திரம் கடைசியில் வேகமாகச் சுழற்றிப் பிழிந்த பிறகும் அதில் ஏறக்குறைய 2.4 லிட்டர் தண்ணீர் மிச்சம் இருக்கும்.

அந்தத் தண்ணீரை ஆவியாக்க எவ்வளவு வெப்பம் வேண்டும்? குழாய்த் தண்ணீர் ஒரு லிட்டரை அடுப்பில் வைத்துக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஒரு பங்கு வெப்பம் ஆகிறது என்றால், அதை முழுக்க ஆவியாக்க ஏழு பங்கு வேண்டும். ஆவியாகும்போது நீர் தனக்குள் வாங்கி ஒளித்துக்கொள்ளும் இந்த வெப்பத்துக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். நம் கூடைக்கு அது சுமார் 1.6 யூனிட் மின்சாரம். டிரையரையும் துணியையும் சூடாக்குவது, வெளியேறும் காற்றோடு வீணாவது எல்லாம் சேர்த்தால் ஒரு தடவைக்கு 3 யூனிட் வரை போகும்.

இனி காற்று. டிரையரில் உள்ள விசிறி அறைக் காற்றை உள்ளிழுத்து, 5,000 வாட் கம்பியின் மேல் செலுத்தி, சுழலும் பீப்பாய்க்குள் அனுப்பி, ஈரத்தோடு வெளியே தள்ளுகிறது. நிமிடத்துக்கு 4 கன மீட்டர் என்று வைத்தால் 45 நிமிடத்தில் 180 கன மீட்டர். நடுத்தர அளவு டவுன்ஹவுஸ் ஒன்றில் அடங்கியிருக்கும் காற்றில் ஏறக்குறைய பாதி அது. அந்த 2.4 லிட்டரை இவ்வளவு காற்றுக்கும் பங்கு போட்டால் கன மீட்டருக்கு 13 கிராம்தான் வருகிறது. சூடான காற்றுக்கு அது பூ சுமப்பது மாதிரி.

குழாயில் பாதி அடைத்துக்கொண்டது என்று வையுங்கள். இப்போது நிமிடத்துக்கு 2 கன மீட்டர்தான் போகிறது. ஆனால் கம்பி முன்போலவே 5,000 வாட்டில் எரிகிறது. முன்பு அதைக் கடக்கும் காற்று சுமார் 60 டிகிரி சூடேறி, 80 டிகிரியில் துணியைத் தொட்டது. இப்போது பாதிக் காற்று அதே வெப்பத்தை வாங்க வேண்டும். சூடு 120 டிகிரிக்கு மேல் ஏறி, 140-ஐத் தாண்டப் பார்க்கும். அங்கே சூடு காக்கும் விசை குறுக்கிட்டுக் கம்பியை அணைத்துவிடும். கொஞ்சம் ஆறியதும் மறுபடி மூட்டும், மறுபடி அணைக்கும். ஆகவே எந்திரம் ஓடும் நேரத்தில் பாதிதான் கம்பி எரிகிறது. பீப்பாய்க்குள் அனல், துணியில் ஈரம், இரண்டு மடங்கு நேரம். புதிரின் முடிச்சு இதுதான். நண்பர் புது எந்திரம் வாங்கி அதே குழாயில் மாட்டியிருந்தால் அதுவும் இரண்டு தடவைதான் ஓடியிருக்கும்.

இந்தக் கணக்கில் எனக்குக் கவலை தருவது நேரமும் மின்கட்டணமும் அல்ல, அந்த விசைதான். எப்போதாவது வேலை செய்ய வேண்டியதைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறோம். அது என்றாவது ஒட்டிக்கொண்டு அணைக்க மறந்தால், அதற்குப் பின்னால் காவலுக்கு நிற்பது ஒரு சின்ன உருகி மட்டும்.

அடைப்பது எது?

டிரையரின் வலைச்சட்டத்தில் ஒவ்வொரு முறையும் சாம்பல் நிறத்தில் மெத்தைபோலப் படிவதைப் பஞ்சுத்துகள் என்று சொல்லலாம். ஆங்கிலப் பேச்சில் அது லின்ட். இவ்வளவு வருகிறதே, துணி தேய்ந்துவிடாதா என்று பலர் கேட்பார்கள். தேயத்தான் செய்கிறது. பருத்தி நூல் என்பது ஒரே நீள இழை அல்ல. விரற்கடை நீளமுள்ள குட்டி இழைகளை முறுக்கி முறுக்கிக் கோத்தது. துவைக்கும்போது முறுக்கு தளர்ந்து நுனிகள் வெளியே வருகின்றன. பீப்பாயில் புரளும்போது அவை ஒடிந்து காற்றோடு கிளம்புகின்றன.

வலை பெரும்பகுதியைப் பிடித்துவிடும். ஆனால் முழுவதையும் பிடிப்பதில்லை. 2020-இல் கிர்ஸ்டன் காப், ரேச்சல் மில்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதை அழகாகக் காட்டினார்கள். பனி படர்ந்த நாளில் இளஞ்சிவப்புப் போர்வைகளை டிரையரில் உலர்த்திவிட்டு, வெளியே குழாய் முடியும் இடத்தைச் சுற்றிப் பனியை அள்ளிப் பார்த்தார்கள். 30 அடி தள்ளிக்கூட வெள்ளைப் பனியில் இளஞ்சிவப்பு இழைகள் கிடந்தன. போர்வை பாலியெஸ்டர் என்பதால் அவை மக்காத நெகிழி இழைகள். வலையைத் தாண்டி அவ்வளவு தூரம் பறந்தவை போக, வழியிலேயே தங்கிவிடுபவையும் உண்டு. நமக்கு வினை அவைதான்.

குழாய்க்குள் அவை தங்கக் காரணம் ஈரம். குளிர்காலத்தில் குழாயின் சுவர் சில்லென்று இருக்கும். சூடான ஈரக்காற்று அதைத் தொட்டதும் நீர் முத்து முத்தாய்ப் பூக்கும். அதில் ஒட்டிய இழை நகராது. அதன்மேல் அடுத்த இழை. வளைவுகளில் காற்று வேகம் குறைவதால் அங்கே இன்னும் அதிகம். நெளிநெளியான அலுமினியத்தாள் குழாயாக இருந்தால் ஒவ்வொரு நெளிவும் ஒரு பொறி.

இதனால்தான் அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் வீட்டுக் கட்டட விதித்தொகுப்பு இந்தக் குழாய்க்கு 35 அடிதான் உச்ச நீளம் என்கிறது. செங்கோணமாய் வளையும் ஒவ்வொரு இடத்துக்கும் அதில் 5 அடியைக் கழிக்க வேண்டும். குழாய் 4 அங்குல அகலத்தில், உட்புறம் வழவழப்பான உலோகமாக இருக்க வேண்டும். இணைப்பில் முடுக்கும் திருகு உள்ளே அதிகம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. வெளி முனையில் பூச்சி வராமல் இருக்கக் கம்பிவலை அடிப்பதும் கூடாது, ஏனென்றால் பூச்சிக்கு முன்னால் பஞ்சு அதில் சிக்கிவிடும். நண்பர் வீட்டில் மூன்று வளைவுகள். 35-இல் 15 போக 20 அடி மிச்சம். அளந்து பார்த்தபோது குழாய் 24 அடி இருந்தது. போதாததற்கு, டிரையரைச் சுவரோடு தள்ளியதில் பின்னால் இருந்த தாள்குழாய் சப்பையாக நசுங்கிக் கிடந்தது.

பஞ்சும் நெருப்பும்

சிக்கிமுக்கிக் கல்லில் தெறிக்கும் பொறியைப் பிடிக்க நம் முன்னோர் பஞ்சைத்தான் வைத்தார்கள். அதே பருத்தி சட்டையாக இருக்கும்போது அவ்வளவு சட்டென்று பற்றாது. நெருக்கமாய் நெய்த துணிக்குள் காற்றுக்கு இடமில்லை. பிரிந்த பஞ்சிலோ இழை ஒவ்வொன்றையும் சுற்றிக் காற்று இருக்கிறது. ஒரு பொறி போதும்.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான விபத்துகளைத் தொகுத்து வெளியிட்ட கணக்கின்படி, ஆண்டுக்குச் சுமார் 2,900 வீட்டு டிரையர் தீவிபத்துகள். 5 பேர் சாவு, 100 பேருக்குக் காயம், 3.5 கோடி டாலர் சேதம். காரணங்களில் முதலிடம் பெறுவது சுத்தம் செய்யாமல் விட்டது, 34 சதவீதம். மிகுதியாக நடக்கும் மாதம் ஜனவரி. ஜன்னல் மூடியிருக்கும், கனத்த துணிகள் சேரும், குழாயின் சுவரும் நன்றாகக் குளிர்ந்திருக்கும் மாதம் அது.

இனிச் சொல்லப்போவது குறிப்பாக நம் வீடுகளுக்கு. சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் துவட்டிய துண்டை டிரையரில் போடாதீர்கள். எண்ணெயின் மூலக்கூறுகளில் ஆக்சிஜன் வந்து பற்றிக்கொள்ள இடம் தரும் மூட்டுகள் உண்டு. அது பற்றும்போது சிறிது வெப்பம் வெளிப்படும். பரந்து கிடக்கும் துணியில் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். டிரையரிலிருந்து சுடச்சுட எடுத்துக் குவித்து வைத்த துணியின் நடுவில் அது போக வழியின்றித் தங்கும். சூடு ஏறினால் ஆக்சிஜன் இன்னும் வேகமாய்ப் பற்றும், அதனால் இன்னும் சூடு. மணிக்கணக்கில் இப்படியே ஏறி, யாரும் தீ வைக்காமலே புகையத் தொடங்கும். இதைத் தானெரிதல் என்கிறோம்.

அந்த மூட்டுகள் மிக அதிகம் உள்ளது மரச்சாமான்களுக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெய். மிகக் குறைவு தேங்காய் எண்ணெய். நல்லெண்ணெய் இடையில் நிற்கிறது. 1991 பிப்ரவரி 23 அன்று ஃபிலடெல்ஃபியாவின் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தை எரித்து, மூன்று தீயணைப்பு வீரர்களின் உயிரைக் குடித்த நெருப்பு, ஆளிவிதை எண்ணெய் துடைத்துப் போட்ட கந்தல்களிலிருந்துதான் கிளம்பியது. ஒரு முறை துவைத்தால் துண்டில் எண்ணெய் முழுவதும் போய்விடாது. அதை வீட்டுக்குள் கொடி கட்டிக் காயப்போடுவதே மேல். மற்றத் துணிகளையும், டிரையர் கடைசிச் சில நிமிடங்கள் சூடின்றி ஓடி ஆற்றும் முன்பே நடுவில் நிறுத்திக் குவித்துவைக்க வேண்டாம்.

எரிவாயு டிரையர் உள்ள வீட்டில் இன்னோர் ஆபத்தும் உண்டு. அடைத்த குழாய், எரிவாயுவின் புகையையும் வெளியே விடாது. அதில் கலந்துள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. தலைவலி, மயக்கம் என்று வந்து ஆளைச் சாய்த்துவிடும். அதை உணர்ந்து அலறும் கருவி ஒவ்வொரு மாடியிலும் இருக்கட்டும்.

குழாயைத் திறந்தோம்

ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் இருவரும் இறங்கினோம். முதலில் மின்செருகியைப் பிடுங்கினோம். எரிவாயு டிரையர் என்றால் இந்த வேலையைத் தேர்ந்த ஆளிடம் விடுவதே சரி, இழுக்கும்போது வாயுக்குழாய் பிசகினால் பெரிய விபரீதம். நண்பருடையது மின்சார டிரையர். முன்னே இழுத்து, நசுங்கிய தாள்குழாயைக் கழற்றினோம். உள்ளே கை விட்டால் ஈரக் கம்பளி மாதிரி பஞ்சு. சுவருக்குள் போகும் குழாய்க்கு, துண்டு துண்டாகத் திருகிச் சேர்க்கும் நீளக் கோல் தூரிகை கடையில் கிடைக்கிறது. அதைத் துளைக்கும் எந்திரத்தில் மாட்டிச் சுழற்றினோம். எப்போதும் கடிகாரம் சுற்றும் திசையில்தான் சுழற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் திருகு கழன்று தூரிகை குழாய்க்குள்ளேயே தங்கிவிடும். பிறகு சுவரைத்தான் உடைக்க வேண்டும்.

வெளியே சுவரில் இருக்கும் மூடியையும் பார்த்தோம். காற்று வரும்போது திறந்து, நின்றதும் மூடிக்கொள்ள வேண்டிய அந்த மூடி பஞ்சு ஒட்டிப் பாதியில் நின்றிருந்தது. இப்படித் திறந்தே கிடக்கும் மூடிகளுக்குள் வசந்தகாலத்தில் குருவிகள் கூடு கட்டுவதும் உண்டு. இரண்டு பெரிய பைகள் நிறையப் பஞ்சு வந்தது. தாள்குழாயை எறிந்துவிட்டு உறுதியான உலோகக் குழாய் மாட்டினோம். நீளத்தை எங்களால் குறைக்க முடியவில்லை. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை என்பதற்குப் பதில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்வதென்று முடிவாயிற்று.

வலைச்சட்டத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. பஞ்சை எடுத்துவிட்டு அதில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நீர் குளம்போல நின்றால், துணியை மென்மையாக்கப் போடும் வாசனைத் தாள்களின் மெழுகு வலைக்கண்களை அடைத்திருக்கிறது என்று பொருள். சோப்பு நீரும் பழைய பல்துலக்கியும் போதும். நண்பர் வீட்டு வலையில் தண்ணீர் நின்றது.

அன்று மாலை அதே போன்ற ஒரு கூடைத் துணி 48 நிமிடத்தில் காய்ந்தது.

சுவருக்குள் இருக்கும் மற்றக் குழாய்கள்

டிரையர் குழாயைப் பற்றிப் பேசினாலே இன்னொன்றையும் கேட்பார்கள். வீடு முழுவதும் சூடும் குளிரும் கொண்டுசெல்லும் பெரிய காற்றுக்குழாய்களையும் சுத்தம் செய்ய வேண்டாமா? மிகக் குறைந்த விலை சொல்லி, குழந்தைக்கு ஆஸ்துமா வராது, ஒவ்வாமை போகும் என்று தொலைபேசியில் அழைப்பவர்கள் அமெரிக்காவில் ஏராளம்.

இங்கே என் பதில் வேறு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1997-இல் இதற்கென்றே ஒரு கையேடு வெளியிட்டது. குழாய்களைச் சுத்தம் செய்வது நோயைத் தடுக்கும் என்று நிரூபிக்கப்பட்டதில்லை, ஆண்டுதோறும் வழக்கமாகச் செய்யத் தேவையில்லை என்கிறது அது. கனடாவின் அடமான, வீட்டுவசதிக் கழகம் வீடுகளில் அளந்து பார்த்தபோதும், சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் வீட்டுக் காற்றின் தூசியில் சொல்லத்தக்க மாற்றம் தென்படவில்லை.

ஆற்றின் நடுவில் நீர் பாய்ந்தாலும் கரையோரம் ஏறக்குறைய நின்றிருக்கும். குழாயின் சுவரை ஒட்டிய காற்றும் அப்படித்தான். அங்கே படிந்த தூசி பெரும்பாலும் எழும்புவதில்லை. டிரையர் குழாயைப் போல ஒவ்வொரு வாரமும் ஈரப்பஞ்சு வந்து சேர்வதும் இல்லை. நாம் மூச்சில் இழுப்பது தரைவிரிப்பிலிருந்தும், துணியிலிருந்தும், அடுப்பிலிருந்தும் கிளம்புவதை. மிளகாய் தாளித்து எல்லோரும் இருமும் அந்த ஐந்து நிமிடம், குழாய்த் தூசியைவிட மிக அதிக நுண்துகளை வீட்டில் நிரப்புகிறது. அடுப்புக்கு மேலே உள்ள விசிறி புகையை உண்மையாகவே வெளியே விடுகிறதா, இல்லை வடிகட்டி மறுபடி சமையலறைக்குள்ளேயே ஊதுகிறதா என்று பாருங்கள். பல அமெரிக்க வீடுகளில் ஊதத்தான் செய்கிறது.

சுத்தம் செய்ய வேண்டிய தருணங்களும் உண்டு. எலி, பூச்சி குடியேறியிருந்தால், அடைக்கும் அளவுக்குக் குப்பை சேர்ந்திருந்தால், பூசணம் கண்ணால் தெரிந்தால். பூசணம் என்றால் நீர் எங்கிருந்து வந்தது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் ஏசியின் நீர்த்தட்டு வடியாமல் அடைத்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் குழாயைத் துடைத்தால் அடுத்த கோடையில் பூசணம் திரும்பிவிடும். உள்ளே கண்ணாடியிழைப் பஞ்சு ஒட்டிய குழாய் நனைந்து பூசணம் பிடித்திருந்தால் அதைச் சுத்தம் செய்யவே முடியாது, அந்தப் பகுதியை மாற்ற வேண்டும்.

மற்ற வீடுகளுக்கு அந்தக் காற்றுக்குழாய்களின் வடிகட்டியை மாற்றிவந்தாலே போதும். அதன்மேல் மெர்வ் என்று ஓர் எண் இருக்கும். 8 என்றால் சாதாரண வீட்டுத்தூசி, 13 என்றால் புகையின் நுண்துகளையும் ஓரளவு பிடிக்கும். ஆனால் எண் கூடக் கூட வலை நெருக்கமாகும். வீட்டைச் சூடாக்கும் எந்திரமான ஃபர்னஸ் பழசாக இருந்து, அதன் விசிறியால் அதன் வழியே காற்றை இழுக்க முடியாமல் போனால், டிரையரில் பார்த்த கதை இங்கேயும் தொடங்கிவிடும். ஃபர்னஸின் கையேடு எவ்வளவு வரை தாங்கும் என்கிறதோ அதற்குள் வாங்குங்கள்.

அன்று மாலை நண்பர் ஃபர்னஸின் பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து வடிகட்டியை உருவினார். வெள்ளையாக இருக்க வேண்டியது சாம்பல் நிறக் கம்பளமாகியிருந்தது. சட்டத்தில் காற்றோட்டத் திசைக்கென்று அச்சிட்டிருந்த அம்புக்குறி ஃபர்னஸை நோக்கி இருக்க வேண்டும். அது எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. புது வடிகட்டியின் விளிம்பில் தேதியை எழுதி, அம்புக்குறியை அம்மாவிடம் ஒருமுறை காட்டிச் சரிபார்த்துவிட்டு, உள்ளே செருகினார்.